குறட்டையைப் படிக்கும் வேலை: ஸ்லீப் டெக்னாலஜிஸ்ட் ஆக என்ன படிக்கலாம்?

பழவேற்காடு ஏரியில் இரவில் இறாலுக்கு வலை போடும் வீடுகளில் கண் விழிப்பது புதுசில்லை. கண் விழித்தே பார்க்கும் மருத்துவப் பணி ஒன்றும் இருக்கு: தூக்க ஆய்வுத் தொழில்நுட்பவியலாளர்.

பலத்த குறட்டை விடும் சிலருக்குத் தூக்கத்தில் பத்து விநாடிக்கும் மேல் மூச்சு நின்று நின்று வரும். பகலில் வண்டியிலோ படகிலோ அசந்துவிடுவார். வீட்டில் ‘அசதி’ என்று விட்டுவிடுவோம். அவரை ஓர் இரவு ஆய்வகத்தில் படுக்கவைத்து, தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால், விரல்நுனியில் சென்சார்களைப் பொருத்தி மூளை அலை, மூச்சு, ரத்த ஆக்சிஜனைப் பதிவு செய்யணும். நடுராத்திரியில் ஒயர் கழன்றால் தூக்கம் கலையாமல் மாட்டணும். பிறகு முழு இரவின் பதிவையும் 30 விநாடித் துண்டுகளாகப் பார்த்துக் குறிக்கணும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

இந்தப் பெயரிலேயே பட்டப்படிப்பு தேடி அலையாதீங்க. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி, நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி படிப்புகள்தான் இதற்கு வழி. உள்ளுறைப் பயிற்சியோடு நான்கு ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்துகிறது, விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் பட்டியலில் ஸ்லீப் லேப் டெக்னாலஜிஸ்டும் உண்டு. அதனால் ‘ஆறு மாசம் போதும், வேலை கேரண்டி’ என்கிற விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன், எந்தப் பல்கலைக்கழக இணைப்பு என்று கேளுங்க.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு இ-சேவை தளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். விசாரணைக்கு நாள் பிடிக்கும்; பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீங்க.