ஒரு சொட்டு ரத்தமும் ஒரு துளி மின்சாரமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் குளுக்கோமீட்டர் இல்லாத வீட்டை இனித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரசாயனக் கூடம் ஒன்றில் பல வருடங்கள் மின்வேதிப் பகுப்பாய்வு செய்தவன் நான் என்பது தெரிந்துவிட்டதால், சங்கத்து விழாக்களில் என்னிடம் யாரும் கச்சேரியைப் பற்றிப் பேசுவதில்லை. "சார், காலையில வீட்ல பார்த்தேன், 142. லேப்ல 128ங்கறான். எது பொய்?" என்றுதான் கேட்கிறார்கள்.

இரண்டுமே பொய்யில்லை. ஆனால் ஏன் என்று புரிய, அந்தக் கருவி என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும். அது சர்க்கரையை நேராக அளப்பதே இல்லை. மின்னோட்டத்தை அளந்து, அதைச் சர்க்கரைக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது.

இந்த வித்தை வளர்ந்த இடம் பிராக் நகரம். 1922இல் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி, மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசத்தைச் சொட்டுச் சொட்டாகக் கரைசலுக்குள் விழவிட்டு, அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் மின்னோட்டம் படி ஏறுவதுபோல் எழும்பியது. எந்த அழுத்தத்தில் எழும்புகிறது என்பதை வைத்துக் கரைசலில் இருப்பது ஈயமா, துத்தநாகமா என்று சொல்லிவிடலாம். எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதை வைத்து அதன் அளவைச் சொல்லிவிடலாம். அழுத்தம் ஆளைக் காட்டும், ஓட்டம் அளவைக் காட்டும். இதற்காக 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உலோகங்களுக்கு இது சரி. சர்க்கரை அவ்வளவு சுலபமாக எலக்ட்ரானைக் கொடுத்துவிடாது. நடுவில் தரகர் வேண்டும். 1962இல் அமெரிக்கரான லீலண்ட் கிளார்க், குளுக்கோஸை மட்டும் பொறுக்கி எடுக்கும் என்சைம் ஒன்றை மின்வாயின்மேல் அமர்த்தலாம் என்று காட்டினார். 1984இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஃபெரோசின் என்ற இரும்புச் சேர்மத்தை இரண்டாவது தரகராகச் சேர்த்தார்கள். 1987இல் பேனா அளவு மீட்டர் கடைக்கு வந்துவிட்டது.

நீங்கள் விரலைக் குத்தி ஸ்ட்ரிப்பின் முனையில் வைத்ததும் ரத்தம் தானாக உள்ளே ஏறுகிறது. என்சைம் குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அடுத்த தரகரிடம் கொடுக்க, அவர் மின்வாயில் சேர்க்கிறார். மீட்டர் கொடுப்பது அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஓடுவது மைக்ரோ ஆம்பியர் கணக்கு. அந்த ஓட்டமும் நிலையாக நிற்பதில்லை, நேரம் ஆக ஆகத் தணிந்துகொண்டே வரும். எப்படித் தணியும் என்பதற்கு காட்ரெல் என்பவர் 1903இலேயே சமன்பாடு எழுதிவிட்டார். திரையில் 5, 4, 3 என்று எண்ணுவது நமக்கு வேடிக்கை காட்ட அல்ல. குறித்த நொடியில் அளந்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

இனி 142க்கும் 128க்கும் வருவோம். 2013இல் திருத்திய சர்வதேசத் தரவிதிப்படி, சர்க்கரை 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போது, நூற்றுக்கு 95 அளவுகள் லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். இந்த வித்தியாசம் 11 சதவீதம்தான். தவிர, லேப் பையன் வீட்டில் எடுத்த ரத்தத்தை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நாலு காலனி சுற்றினால், குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் சும்மா இருக்குமா? மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும்.

கவலைப்பட வேண்டியது வேறு. அடுத்த வீட்டு மாமி ஒருவருக்கு ஒரு மே மாதச் சாயங்காலம் மீட்டர் 236 காட்டியது. மகன் இன்சுலின் பேனாவில் அளவைக் கூட்டி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாமி, இதுக்கு முன்னாடி என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"சஃபேதா ரெண்டு நறுக்கி வெச்சேன். நான் ஒரு துண்டுகூட வாயில போடலை!"

சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் பார்த்தோம். 104. அந்தக் கூடுதல் இன்சுலின் உள்ளே போயிருந்தால் ராத்திரி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஸ்ட்ரிப் இழுப்பது அரை மைக்ரோலிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 100 என்றால் அதில் இருப்பது ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. விரலில் ஒட்டிய மாம்பழச் சாறு அதை இரட்டிப்பாக்க எவ்வளவு வேண்டும்? எலக்ட்ரான் ரத்தத்திலிருந்து வந்ததா, பழத்திலிருந்து வந்ததா என்று மின்வாய்க்குத் தெரியாது. ஸ்பிரிட் பஞ்சால் மேலாக ஒரு துடை துடைத்தால் போதாது. தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு. சிவப்பணு குறைந்தால் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். உண்மையில் 65 ஆக இறங்கியிருப்பது 80 என்று தெரியலாம். புதிய மீட்டர்கள் சில இதைக் கணக்கில் எடுத்துத் திருத்திக்கொள்கின்றன. உங்களுடையது அந்த வகையா என்று கேட்டு வாங்குங்கள். எண் நன்றாக இருந்தும் கை நடுங்கி வியர்த்தால், உடம்பு சொல்வதை நம்புங்கள்.

சார்தாம் யாத்திரை போகிறவர்களுக்கு ஒன்று. பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர், கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரம். சாதாரணமாக ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன், தரகருக்குப் போக வேண்டிய எலக்ட்ரானில் கொஞ்சத்தைத் தட்டிப் பறிக்கும். மேலே ஆக்ஸிஜன் குறைவதால் சிலவகை ஸ்ட்ரிப்கள் கூட்டிக் காட்டலாம். குளிரோ என்சைமை மந்தமாக்கும். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. டப்பாவோடு வரும் பொடி எழுத்துத் தாளில் உயரத்துக்கும் குளிருக்கும் எல்லை போட்டிருப்பார்கள். கிளம்புமுன் அதைப் படித்துவிட்டு, மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் பெட்டியில் போடாமல் ஸ்வெட்டரின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.