சாவியும் காரும் பேசும் ரகசியக் கணக்கு

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வரிசையாக நிற்கும் கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே நிறம், ஒரே மாதிரி வண்டிகள் பல இருக்கும். ஒருவர் ரிமோட் சாவியை அமுக்குகிறார். அவருடைய கார் மட்டும் விளக்கைச் சிமிட்டிக் கதவைத் திறக்கிறது. மற்றவை சும்மா நிற்கின்றன. ஏன்?

சாவியிலிருந்து புறப்படுவது ரேடியோ அலை. பல கார்களில் அதன் அதிர்வெண் 433.92 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 69 செ.மீ. இந்த அலை பக்கத்துக் கார்களையும் எட்டத்தான் செய்கிறது. ஆனால் அலையில் ஏற்றி அனுப்பப்படும் எண்ணை ஒரே ஒரு கார்தான் தனக்குரியது என்று ஏற்கிறது.

சரி, திருடன் ஒருவன் அருகில் நின்று அந்த அலையைப் பதிவு செய்துகொண்டால்? எண் மாறாததாக இருந்தால் கதை கந்தல்தான்! மறுநாள் அதையே ஒலிபரப்பிக் காரைத் திறந்துவிடுவான். ஆகவே ஒவ்வொரு தடவையும் எண் மாறவேண்டும். மாறும் எண்ணைக் கார் எங்ஙனம் அறியும்?

சாவிக்கும் காருக்கும் பொதுவாக ஒரு ரகசிய எண் உண்டு. அது வெளியே அனுப்பப்படுவதே இல்லை. இது எத்தனையாவது அமுக்கல் என்ற கணக்கும் இரண்டிலும் இருக்கிறது. ரகசிய எண் 37 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5ஆவது அமுக்கலில் 37 × 5 = 185; கடைசி இரு இலக்கங்களான 85 மட்டும் புறப்படும். அடுத்து 22, பிறகு 59. காரும் இதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கும். முடிந்துபோன 85ஐத் திருடன் திரும்ப அனுப்பினால் கார் அசையாது.

உங்களில் கூர்மையானவர்கள் இதற்குள் 22க்கும் 59க்கும் உள்ள வித்தியாசம் 37 என்று கண்டுபிடித்திருப்பீர்கள். அதனால்தான் உண்மையான கணக்கு மிகச் சிக்கலானது. 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவான கீலாக் முறையில் ரகசிய எண்ணுக்கு 64 இரும இலக்கங்கள். அந்த முறையையே 2008இல் ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள்.

கார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிறது. சாவி ராஜபாளையத்து வீட்டில். குழந்தை அதைப் பத்துத் தடவை அமுக்கி விளையாடுகிறது. சாவியின் கணக்கு பத்து கூடிவிட்டது. காருக்கோ எதுவும் தெரியாது. பரவாயில்லை. கீலாக் முறையில் வழக்கமாக 16 வரை முந்தியிருந்தாலும் கார் ஏற்கும். அதற்கும் மேலே போய்விட்டால், அடுத்தடுத்து இருமுறை அமுக்க, கார் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

இந்தத் தாராளத்திலேதான் ஓட்டை. அமெரிக்கரான சாமி காம்கர் 2015இல் ஒரு சிறு கருவியைச் செய்து காட்டினார். நாம் அமுக்கியதும் அது இரைச்சல் அலையால் காரின் காதை அடைத்துவிட்டு, எண்ணைப் பதிந்துகொள்ளும். கதவு திறக்கவில்லையே என்று நாம் மறுபடி அமுக்குவோம். இரண்டாவது எண்ணையும் பிடித்துக்கொண்டு, முதல் எண்ணைக் காருக்கு அனுப்பும். கதவு திறந்துவிடும், நமக்குச் சந்தேகமே வராது. கார் இன்னும் கேட்டிராத இரண்டாவது எண் திருடன் கையில் இருக்கும். அடுத்த தடவை நம் சாவியின் எண் காரைச் சென்றடையும் வரை அது செல்லும்.