பாரிமுனை வரை வந்த லாலி: நாடிழந்த அயர்லாந்து வம்சத்து வாரிசின் சென்னை முற்றுகை!

ராயபுரத்தில் பஸ் ஏறி பாரிமுனையில் இறங்குபவர்கள் தினமும் தாண்டிப்போகும் இடம் ஐகோர்ட். அதையொட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், ஸ்தூபிபோல உயர்ந்து நிற்கும் ஒரு கல்லறை உண்டு. சென்னை கவர்னராக இருந்த எலிஹு யேல் தன் மகன் டேவிட்டைப் புதைத்த இடம். ஒருகாலத்தில் இங்கே ஆங்கிலேயர்களின் இடுகாடே இருந்தது. மற்ற கல்லறைகள் எங்கே போயின?

1758 டிசம்பரில் வந்த பிரெஞ்சுப் படை, அந்தக் கல்லறைகளைத்தான் மறைவாகப் பயன்படுத்திக்கொண்டு ஜார்ஜ் கோட்டையைத் தாக்கியது. முற்றுகை முடிந்த பிறகு, 'இனி எதிரிக்கு இப்படியொரு மறைவிடம் வேண்டாம்' என்று அவற்றை அகற்றிவிட்டார்கள். பெயர் பொறித்த கற்கள் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போய்ச்சேர்ந்தன. இன்றும் அங்கே நடந்தால் அந்தக் கற்கள்மீதுதான் கால் படும்.

அந்தப் படையை நடத்திவந்தவர் கவுண்ட் டி லாலி. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் 'வந்தவாசிப் போரில் தோற்றவர் யார்?' என்ற ஒரு மார்க் கேள்விக்குப் பதிலாக வருவாரே, அவரேதான். ஆனால், புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. பிரான்ஸில் பிறந்திருந்தாலும் அவர் பிரெஞ்சு வம்சத்தவர் அல்ல.

அயர்லாந்தின் கால்வே பகுதியில் நிலம் வைத்திருந்த கத்தோலிக்கப் பிரபுக் குடும்பம் அவருடையது. இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸ் பக்கம் நின்று தோற்றவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். 1691-ல் லிமெரிக் ஒப்பந்தம் கையெழுத்தானதும், ஏறத்தாழ 14,000 அயர்லாந்து வீரர்கள் கப்பலேறி பிரான்ஸுக்குப் போனார்கள். ஊரில் இருந்தால் நிலமும் போகும், பதவியும் கிடையாது. 'காட்டு வாத்துகள்' என்று இவர்களுக்குப் பெயர். பிரெஞ்சு ராஜாவின் படையில் இவர்களுக்கென்றே தனி அயர்லாந்துப் பிரிவு இருந்தது.

சொந்த மண்ணை இழந்த பிரபுக்கள் அடுத்தவர் படைக்குத் தலைமை தாங்குவது அதற்கும் பழைய கதை. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து ஆண்ட ஜஸ்டினியனின் தளபதி முண்டஸ், கெபிட் என்ற ஜெர்மானிய இனத்தின் அரச வம்சத்தவர். 532-ல் அந்தத் தலைநகரையே எரித்த நிகா கலவரத்தை அடக்கிய தளபதிகளில் அவரும் ஒருவர். கடைசியில் அதே ராஜாவுக்காகச் சண்டை போட்டுத்தான் செத்தார்.

லாலிக்கு அந்த மரணம்கூட வாய்க்கவில்லை.

1745-ல் ஃபோன்டனாய் போரில் ஆங்கிலேயரை ஓடவைத்த அயர்லாந்துப் பிரிவில் இருந்த ஹீரோ அவர். அந்தப் பெயரோடு 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். தன் பெயரில் இருந்த அயர்லாந்து ரெஜிமென்ட்டையும் அழைத்துவந்திருந்தார். ஜூன் மாதமே கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை அவர் கையில்.

ஆனால், கஜானா காலி. பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டி, தஞ்சை மன்னரிடம் 56 லட்சம் ரூபாய் வசூலிக்கக் கிளம்பினார். வழியில் கீழ்வேளூர் கோயிலைச் சேர்ந்த பிராமணர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்து, பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக்கொன்றார்கள். அகதி வம்சத்தில் பிறந்தவர் என்பதால் லாலிக்கு இந்த ஊர் மக்கள்மீது பரிவு இருந்திருக்கும் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தஞ்சையிலும் வெறுங்கை. ஆகஸ்டில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

அடுத்த குறி சென்னை. டிசம்பர் 14-ம் தேதி கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், பிரெஞ்சுக்காரர் வசமானது. நுழைந்ததும் வீரர்கள் செய்த முதல் வேலை, வீடுகளைக் கொள்ளையடித்ததும் கிடைத்த சாராயத்தைக் குடித்ததும்தான். போதையில் இருந்தவர்கள்மீது கோட்டையிலிருந்து கர்னல் டிரேப்பரின் ஆட்கள் பாய்ந்தார்கள். தெருச் சண்டையில் இரண்டு பக்கமும் ஏராளமான சாவு. லாலியின் முக்கிய அதிகாரியான டெஸ்டாங் பிடிபட்டார்.

அதன்பிறகு இரண்டு மாதம் வடக்கிலிருந்து கோட்டைமீது குண்டு மழை. உள்ளே கவர்னர் பிகாட், தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். வெளியே லாலியின் சப்ளை வண்டிகளை மறித்து ஆட்டம் காட்டியவர் யார் தெரியுமா? நம்ம மருதநாயகம், யூசுப்கான்! பிரெஞ்சுக் கப்பற்படையோ முன்பே மொரீஷியஸ் போய்விட்டது. சம்பளம் இல்லை, சோறும் குறைவு. 1759 பிப்ரவரி 16-ல் ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தெரிந்தன. அன்று இரவே பிரெஞ்சுப் படை பீரங்கிகளை அப்படியே போட்டுவிட்டு நடையைக் கட்டியது.

அந்தப் பயம் சென்னையின் உருவத்தையே மாற்றியது. கோட்டைக்கு எதிரே வீடு கட்டக் கூடாது என்று எல்லை போட்டு, 1773-ல் ஆறு தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனை அருகே இன்னும் நிற்கிறது. ஹைதர் அலியும் வந்துபோன பிறகு ஊரைச் சுற்றி மதிலும் எழும்பியது. 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் அந்த மதிலுக்கான வரியின் மிச்சம். ராயபுரம் மாடிப் பூங்கா, மதிலின் மிச்சம்.

1760 ஜனவரி 22, வந்தவாசி. லாலியைத் தோற்கடித்த அயர் கூட், அவரும் அயர்லாந்துக்காரர்தான்! பிராட்டஸ்டன்ட் குடும்பம் என்பதால் ஊரை விட்டு ஓட வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது.

கைதியாக இங்கிலாந்து போன லாலி, அங்கே பத்திரமாகத்தான் இருந்தார். பாரிஸில் தன்னைத் துரோகி என்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பொய் என்று நிரூபிக்க அவராகவே அனுமதி வாங்கித் திரும்பினார். கிடைத்தது பாஸ்டில் சிறை. 1766 மே 9-ல், வாயில் துணி அடைத்து, குப்பை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். புதுச்சேரியில் அவருடைய கோபத்துக்கும் ஏச்சுக்கும் ஆளான அதிகாரிகள் பலரும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தார்கள். லாலி வாய்க்கொழுப்புக்காரர், மோசமான தளபதி, கீழ்வேளூரில் கொடூரன். ஆனால், அவர்மீது சுமத்திய துரோகக் குற்றத்துக்கு ஆதாரம் இல்லை.

எழுத்தாளர் வோல்டேர் இதற்காகப் பல ஆண்டுகள் எழுதிப் போராடினார். லாலியின் மகனும் விடவில்லை. 1778 மே மாதம் அந்தத் தீர்ப்பு ரத்தானது. மரணப் படுக்கையில் இருந்த வோல்டேருக்குச் செய்தி போனது. மகனுக்கு நாலு வரி வாழ்த்துச் சொல்லி எழுதவைத்தார். நான்கு நாள் கழித்து, மே 30-ல் அவரும் இறந்துபோனார்.