நின்று கெட்ட சைக்கிள்

ஏப்ரலில் இரண்டு நல்ல மழை பெய்து முடியும்வரை நான் சைக்கிளைத் தொடுவதில்லை. ரொறன்ரோவில் பனிக்காலம் முழுவதும் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். பனி உருகிய பிறகும் அது தெருவோரம் வெள்ளைக் கோடாகப் படிந்து கிடக்கும். மழை அதைக் கழுவிய பிறகுதான் எங்கள் ஸ்காபரோ அடுக்குமாடிப் பல்கனியிலிருந்து சைக்கிள் கீழே இறங்கும். மகள் வாளியோடு பின்னால் வருவாள்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு இந்த வேலை இருந்ததில்லை. 1990இல் பெற்றோல் வராமல் தடைப்பட்ட பிறகு அப்பாவின் றலி சைக்கிள்தான் வீட்டுக்குக் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். இரவில் அதை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பேசும். பி.பி.சி. தமிழோசையை அப்படித்தான் கேட்டோம். “ஓடுற சைக்கிள் கெடாது தம்பி, நிக்கிறதுதான் கெடும்” என்பார் அப்பா.

அதன் பொருள் நான் இங்கே வந்த முதல் வசந்தத்தில்தான் எனக்கு விளங்கியது. ஐந்து மாதம் பல்கனியில் நின்ற பழைய சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டு வெளிக்கிட்டேன். ஓர் இறக்கத்தில் பிறேக்கைப் பிடித்தபோது கேபிள் அறுந்துபோனது. வெளியே பளபளத்த உறைக்குள் கம்பியைக் கறள் தின்றிருந்தது. யாரோ வீட்டு வேலிச் செடி என்னைத் தாங்கிக்கொண்டது.

அன்று தொடக்கம் முதல் வேலை கழுவுதல்தான். அழுக்குக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பும் கறளும் அப்போதுதான் கண்ணில் படும். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரும் பழைய துணியும் போதும். குழாயால் வேகமாகப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. சில்லின் நடுவிலும் பெடல் அச்சிலும் இருக்கிற கிறீஸைத் தண்ணீர் தள்ளிவிடும்.

அடுத்தது பிறேக். பிடியை இறுக்கினால் அது ஹாண்டிலில் முட்டக் கூடாது. கட்டைகள் இரண்டும் றிம்மில் நேராகப் பதிய வேண்டும். ரயரில் உரசினால் ரயர் கிழியும். கட்டையில் வெட்டியிருக்கும் வரிகள் தேய்ந்து மறைந்திருந்தால் புதியது போடவேண்டும். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுவேன். தட்டு பிறேக் உள்ளவர்கள் அந்தத் தட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் பிறேக் வழுக்கும்.

ரயர் சப்பையாகக் கிடந்தால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஓட்டையே இல்லாவிட்டாலும் ரியூப் ரப்பரின் ஊடாகக் காற்று மெல்ல மெல்லக் கசியும். குளிரில் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் குறையும். எவ்வளவு அடிக்கலாம் என்பது ரயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அடித்துவிட்டு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். விடியவும் இறுக்கமாக இருந்தால் பிழையில்லை. சப்பையாகியிருந்தால்தான் ஒட்டுப் போடும் வேலை. ரயரின் பக்கத்தில் வெடிப்பு ஓடியிருந்தால் காற்று நின்றாலும் அந்த ரயரை நம்பக் கூடாது.

எனக்குப் பிடித்த வேலை செயின். பழைய செயின் நீண்டுவிட்டது என்போம். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. மண்ணும் உப்பும் அரைத்து ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் துளையும் தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட சிறு தேய்மானங்கள் சேர்ந்து நீளமாகத் தெரிகின்றன. இதைப் பார்க்கப் பள்ளிக்கூட அடிமட்டமே போதும். ஓர் ஊசியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். புதிய செயினில் 12 அங்குலக் கோடு இன்னோர் ஊசியின் நடுவில் சரியாக விழும். அந்த ஊசி கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 8இல் ஒரு பங்கு என்றால் பல்லுச் சில்லுகளும் தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பு.

செயின் நன்றாக இருந்தால் துடைத்துக் காயவிட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். இது மகளின் வேலை. “வெளியில பூசினால் காணாதோ அப்பா?” என்று கேட்டாள். காணாது. எண்ணெய் கண்ணிக்கு உள்ளே போகவேண்டும். வெளியே மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே மண்ணைப் பிடித்து அரைக்கும்.

பிறகு ஹாண்டில், சீற், சில்லு ஆகியவற்றின் இறுக்கம். பெடலைக் கழற்றுபவர்கள் கவனிக்க: இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கடைசியாக மணியும் விளக்கும். ஒன்ராறியோச் சட்டப்படி மணி கட்டாயம். சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பிருந்து, உதித்து அரை மணி நேரம் வரை முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கோ ஒளிதெறிப்பானோ வேண்டும். 18 வயதுக்குக் கீழென்றால் தலைக்கவசமும் சட்டம்.

இத்தனையும் முடித்து, கார் நிறுத்துமிடத்தில் இரண்டு சுற்று ஓடி, பிறேக்கை நாலைந்து தரம் பிடித்துப் பார்த்த பிறகுதான் மின்கோபுரங்களின் கீழே ஓடும் மெடோவே பாதைக்கு நாங்கள் வெளிக்கிடுவோம்.

பனிக்கு முன்னரே, நவம்பரில் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு வீட்டுக்குள் வைத்தால் இதில் பாதி வேலை மிச்சம். ஒவ்வோர் ஏப்ரலும் மகளிடம் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு நவம்பரும் சைக்கிள் பல்கனியில்தான் நிற்கிறது.