லேசர் கதிரும் நம் பிள்ளைகளின் கண்ணும்

கரும்பலகையில் உள்ள ‘மணம்’ என்ற சொல்லை ‘மனம்’ என்று பார்த்தெழுதும் பிள்ளைக்குத் தமிழ் வராது என்று முடிவு கட்டுமுன், மூன்று சுழியும் இரண்டு சுழியும் அப்பிள்ளையின் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரிகின்றனவா என்று பார்ப்பது நலம். நமது வகுப்புகளில் கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்ப்போர் பலர். அவர்களிற் சிலருக்கு இருப்பது குறும்பார்வை. தமிழகத்து நூல்கள் இதனைக் கிட்டப்பார்வை என்னும். வேறு சிலருக்கு எழுத்தின் ஒரு திசைக் கோடுகள் தெளிந்தும் மறுதிசைக் கோடுகள் கலைந்தும் தோன்றும். இது சிதறற்பார்வை. இரண்டும் ஒரே கண்ணில் இருப்பதும் உண்டு.

இப்பிள்ளைகள் வளர்ந்து பதினெட்டு வயதை எட்டியதும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “மாஸ்ரர், லேசர் செய்விக்கலாமோ?” நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும், இங்கு வருமுன் ஊரில் விஞ்ஞானம் கற்பித்த பழக்கத்தால், அச்சிகிச்சை கண்ணில் என்ன செய்கின்றது என்பதை விளக்கலாம் எனக் கருதுகின்றோம். விளங்கிக்கொண்டால், மருத்துவரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பது தானே புலப்படும்.

வளர்ந்தவர் ஒருவரின் கண், முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமுடையது. ஒளி முதலில் விழிவெண்படலம் என்னும் தெளிந்த முன்மூடியினூடாக வளைந்து, பின் வில்லையினால் மேலும் வளைந்து, விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிய வேண்டும். கண் ஒரு மில்லிமீற்றர் நீண்டுவிட்டாற்கூட ஒளி விழித்திரையை அடையுமுன்னே குவிந்துவிடுகின்றது. ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயொப்டர் அளவான குறும்பார்வை உண்டாகின்றது. சிதறற்பார்வை பெரும்பாலும் விழிவெண்படலத்தின் வடிவத்தால் வருவது. பந்தின் மேற்பரப்பு எத்திசையிலும் ஒரேயளவாக வளைந்திருக்கும். கிடையாக வைத்த முட்டையோ குறுக்கே கூடவும் நெடுக்கே குறையவும் வளைந்திருக்கும். விழிவெண்படலம் முட்டை போலானால் ஒளி ஒரு புள்ளியிற் குவியாது.

மூக்குக்கண்ணாடி கண்ணுக்கு வெளியே நின்று இக்குறையை ஈடு செய்கின்றது. லேசர் விழிவெண்படலத்தையே செதுக்கிவிடுகின்றது. குறும்பார்வைக்கு நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்கும். சிதறற்பார்வைக்கு ஒரு திசையிற் கூடவும் மறுதிசையிற் குறையவும் அகழும்.

இவ்வாறு செதுக்கலாம் என்பதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் சென்னையில் 1929 ஆம் ஆண்டு பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்ற ரங்கசாமி சீனிவாசன் என்பது நம் மாணவர் அறியவேண்டிய செய்தி. அவர் நியூயோர்க் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். எக்சைமர் எனப்படும் லேசரின் 193 நனோமீற்றர் அலைநீளமுடைய கழியூதாக் கதிரைப் பிளாஸ்ரிக்கின் மீது பாய்ச்சி ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், உயிரினத்தின் இழையத்தில் அது என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கரின் நன்றி கூறும் நாளுக்கு மறுநாள், 1981 நவம்பர் 27 அன்று, விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்று அதன் மீது கதிரைச் செலுத்தினார். வெட்டு நேராக அமைந்தது. அயலிற் கருகலே இல்லை. கதிர் மூலக்கூறுகளின் பிணைப்புகளை முறித்து அவற்றை வெளியே வீசிவிடுவதால் சூடு பக்கத்துக்குப் பரவுவதில்லை. ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோர் இவ்வாய்விற் சீனிவாசனின் துணைவர். 1983 இல் ஸ்டீபன் துரோக்கல் என்னும் கண் மருத்துவர் அவருடன் சேர்ந்து, விலங்குகளின் விழிவெண்படலத்தில் இதைச் சோதித்து வெளியிட்டார். 1995 இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இன்று பரவலாக நடைபெறும் முறை லாசிக். விழிவெண்படலத்தின் மேற்பகுதியில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே எக்சைமர் கதிரால் அகழ்ந்து, மடலை மீண்டும் மூடுவர். மடல் வெட்டாது, மேற்றோலை மட்டும் நீக்கி அகழ்வது மற்றொரு முறை. அதில் சில நாள் வலியும் கலங்கலும் இருக்கும். மடலை வெட்டும் லேசர் வேறொன்று. அதற்கு வேண்டிய மிகக் குறுகிய, ஆற்றல் மிக்க ஒளித்துடிப்புகளை ஆக்கும் வழியை 1985 இல் கண்டவர்கள் பிரான்சு நாட்டவரான ஜெரார் முரூவும் கனடா நாட்டவரான டோனா ஸ்ரிக்லண்டும். 2018 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர். முரூ பணியாற்றிய எக்கோல் பொலித்தெக்னிக், லாச்சப்பலை அடுத்த கார் து நோர் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். ‘பி’ தொடருந்தில் ஏறினால் அடையக்கூடிய பலேசோவில் உள்ளது. மாணவர்கள் இதையும் மனத்திற் கொள்ளலாம்.

இனிக் கணக்கொன்று. விழிவெண்படலத்தின் நடுத்தடிப்புச் சராசரியாக 540 மைக்குரோமீற்றர், அதாவது அரை மில்லிமீற்றருக்குச் சற்றே கூட. ஆறு மில்லிமீற்றர் அகலப் பரப்பில் ஒரு டயொப்டரைத் திருத்த நடுவில் ஏறத்தாழ 12 மைக்குரோமீற்றர் அகழ வேண்டும். நான்கு டயொப்டருக்கு 48. மடலுக்கு 110 என்று கொண்டால் எஞ்சுவது 382. அடியில் 250 ஆவது எஞ்சவேண்டும் என்பது மருத்துவர் கைக்கொள்ளும் எல்லை. பலர் அதனினும் கூடுதலாகவே விடுவர். இப்போது தடிப்பு 480 மட்டுமேயுள்ள ஒருவருக்குப் பத்து டயொப்டர் திருத்தவேண்டும் என்று வைத்துக் கணித்துப் பாருங்கள். ஒரே மருத்துவர் அக்காவுக்குச் சம்மதித்துத் தம்பிக்கு மறுப்பதன் காரணம் விளங்கும். அகழ்ந்தது மீண்டும் வளர்வதில்லை.

ஆகவே சிகிச்சையிலும் முக்கியமானது அதற்கு முந்திய அளவீடு என்பது நம் துணிபு. அளவீட்டில் மருத்துவர் தேடும் முதலாவது ஆபத்து, விழிவெண்படலம் மெலிந்து கூம்பு போல் முன்தள்ளும் கெரட்டோகோன் என்னும் நோய். பெரும்பாலும் பதின்ம வயதிலோ இளமையிலோ தோன்றும். ஐக்கிய இராச்சியத்தில் நடந்த ஆய்வுகள் வெள்ளையரிலும் தென்னாசிய வழியினரிடையே இது மிகுதி எனக் காட்டியுள்ளன; எனவே இது நம் வீட்டுச் செய்தி. சிதறற்பார்வை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனாலோ, கண்ணாடி மாற்றியும் தெளிவு வராவிட்டாலோ, பிள்ளை ஓயாமற் கண்ணைக் கசக்கினாலோ விழிவெண்படலத்தின் வரைபடம் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மெலிந்த படலத்தை மேலும் அகழ்ந்தால் அது இன்னும் தளர்ந்து பார்வை கெடும். காலத்தோடு கண்டுபிடித்தால் நோயைத் தடுத்து நிறுத்தச் சிகிச்சை உண்டு.

பதினெட்டு வயதுக்கு முன் இச்சிகிச்சை செய்வதில்லை. அதன் பின்னரும் ஓரிரு ஆண்டுகள் கண்ணாடியின் அளவு மாறாதிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும். பெண் பார்க்க வருவதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று பத்தொன்பது வயது மகளை அவசரப்படுத்தும் பெற்றோரை நாம் கண்டிருக்கின்றோம். வருகின்ற மாப்பிள்ளையும் கண்ணாடியோடுதான் வருகின்றார். அதை எவரும் குறையாகச் சொல்வதில்லை!

லேசர் மாற்றாதவை சிலவும் உண்டு. நீண்ட கண் நீண்டதாகவே இருக்கும். கடும் குறும்பார்வை உடையோரின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருப்பதால் அது கிழியும் ஆபத்துச் சிகிச்சையின் பின்னும் நீங்காது. திடீரென மின்னலோ கரும்புள்ளிகளோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். நாற்பதைக் கடந்தபின் வரும் வெள்ளெழுத்து, ஊரிற் சாளேசரம் என்போமே, அதுவும் வந்தே தீரும். கண் உலர்தலும் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுதலும் சில மாதங்கள் பலருக்கு உண்டு, சிலருக்கு நீடிக்கும். இரவில் வாகனம் ஓட்டிப் பிழைப்போர் இதை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரான்சில் அரச மருத்துவக் காப்புறுதி இதன் செலவை ஏற்பதில்லை. மேலதிகக் காப்புறுதிகள் சில ஒரு பகுதியைத் தரும். ‘தெவி’ எனப்படும் எழுத்து மூல மதிப்பீட்டைப் பெற்று அவர்களிடம் முதலிற் கேளுங்கள். கோடை விடுமுறையிற் சென்னைக்குப் போய்ச் செய்விப்போரும் உளர். அங்கே 1978 இல் தொடங்கப்பட்ட சங்கர நேத்திராலயா முதலிய சிறந்த கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் மறுநாளும் மறுவாரமும் பின்னர் மாதக்கணக்கிலும் கண்ணைப் பார்க்க வேண்டுமென்பதால், விமானச் சீட்டின் திரும்பும் நாளைக் குறிக்குமுன் அதைப் பேசிக்கொள்க. மென்வில்லை அணிவோர் அளவீட்டுக்கு முன் எத்தனை நாள் அதைக் கழற்றியிருக்க வேண்டும் என்றும் கேட்டறிக. கழற்றாமற் சென்றால் அளவு பிழைக்கும்.

கண்ணாடியைப் பொறுத்தவரை, 2020 ஆம் ஆண்டு முதல் மேலதிகக் காப்புறுதி உடையோர்க்குக் குறித்த வகைச் சட்டமும் வில்லையும் முழுவதும் இலவசம். வருமானம் குறைந்தோர்க்குரிய காப்புறுதிக்கும் இது பொருந்தும். பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆண்டுக்கொரு முறை மாற்றலாம். கடைக்காரர் தாமாகச் சொல்லாவிட்டால், அந்த வகைச் சட்டங்களைக் காட்டும்படி கேளுங்கள். காட்டவேண்டியது அவர் கடமை.