இடுப்பைத் தாங்கும் நார்கள்



1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டு ரப்பர் வாணிபத்துக்கு அவரே முன்னோடி. அன்று பால் வெட்டக் குனிந்தோம். இன்று செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கக் குனிகிறோம்.

என் தாயாரும் பால் வெட்டியவர்தாம். மாலையில் இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நரம்பு பிசகிவிட்டது" என்பார். பிசகியது நரம்புதானா?

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் அடுக்காக உள்ளன. அவற்றின் இடையே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. எலும்பை எலும்போடு கட்டி, இந்த அடுக்கு சரியாமல் காப்பவை இணைப்பு நார்கள். முன்புறத்து நார் அகலமானது. நாம் அளவுக்கு மீறிப் பின்னால் வளையாமல் தடுக்கிறது. எலும்புகளின் பின்புறத்து நாரோ கீழ்முதுகில் ஒடுங்கிவிடும். ஆகவே பிதுங்கும் வட்டு பெரும்பாலும் அதன் ஓரமாக வந்து, காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தும். நரம்புகள் செல்லும் குழாயின் பின்சுவரில் மஞ்சள் நார் இருக்கிறது. அது ரப்பர் போல் நீண்டு சுருங்கும். வயதானால் தடித்துக் குழாயைக் குறுக்கும். முதியோருக்குச் சற்று நடந்ததும் கால் கடுத்து, உட்கார்ந்தால் குறைவது இதனாலும் இருக்கலாம்.

நெடுநேரம் குனிந்தால் பின்புற நார்கள் மெல்ல நீண்டு தளரும். நிமிர்ந்ததும் உடனே பழைய நிலைக்கு வாரா. அந்நேரம் சாக்கைத் தூக்கினால் ஆபத்து. விடியற்காலையிலும் கவனம் வேண்டும். இரவில் வட்டுகள் நீரேறிப் பருத்திருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனியும்போது நார்களும் வட்டுகளும் கூடுதலாக இழுபடும். பிரட்டுக்குப் போகும் வேளையும் அதுதானே!

எனவே வேலைக்கிடையே அடிக்கடி நிமிர்ந்து நில்லுங்கள். சற்று நடந்த பின்பே சுமையைத் தொடுங்கள். முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்துங்கள்.

வலி வந்தால் நாட்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம், இயன்றவரை நடமாடுங்கள். தசையும் நாரும் நொந்த வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். என் தாயாரின் 'நரம்புப் பிசகு'ம் ஓய்வு நாட்களில் குறைந்துவிடும். அது இவ்வகை வலியாகவே இருந்திருக்கும்.

ஆனால் கால் வலுவிழந்தாலோ, தொடைகளுக்கிடையே மரத்துப் போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். அது நரம்பு நசுங்கியதன் அறிகுறி. அந்தக் கணமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் கால் வழங்காமலே போகலாம்.