துண்டுக்கு அடியில் ஒரு பேரம்

மாட்டுச் சந்தையில் துண்டு போட்டுப் பேசும் பேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகர் துண்டுக்கு அடியில் விற்பவரின் விரல்களைப் பிடிப்பார். பிறகு வாங்குபவரின் விரல்களை. சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஒன்றும் புரியாது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அவரவர் மனதிலுள்ள தொகை தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் தரகர் ஒருவர்தான்.

கிளவுட் கணினி வாடகையிலும் இந்த ஆள் உண்டு. அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், 2011-இல் கிளவுட் தொழிலில் உள்ளவர்களை ஐந்து வகையாகப் பிரித்தபோது தரகருக்கும் ஒரு நாற்காலி போட்டது. ஓராண்டு, மூன்றாண்டு என்று மொத்தமாக எடுத்தால் கணினி வாடகை மலிவு. தரகர் அப்படி எடுத்து, சிறு நிறுவனங்களுக்குச் சில்லறையாக விடலாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உச்சத் தேவை வராது என்பதில்தான் அவருடைய லாபம். அதில் தப்பில்லை. ‘உங்களுக்கு இதுதான் சரி’ என்று அவர் கைகாட்டும்போது, சரியாக இருப்பது நம் வேலைக்கா, அவர் கமிஷனுக்கா என்பதுதான் தெரிவதில்லை.

தரகர் பேச்சை நம்பாமல் ஏலம் விட்டு, அதன் விதியை ஒழுங்காக வகுத்துவிட்டால் போதாதா? பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் அப்படி ஒரு விதியை ஆராய்ந்து எழுதினார். எல்லோரும் மூடிய உறையில் தொகை எழுதித் தரவேண்டும். அதிகம் எழுதியவருக்குப் பொருள். அவர் கட்டவேண்டியதோ இரண்டாவது ஆள் எழுதிய தொகை. குறைத்து எழுதி மிச்சம் பிடிக்க வழியில்லாததால், மனதில் உள்ளதை அப்படியே எழுதிவிடலாம். விக்ரிக்கு 1996-இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில் இறந்துபோனார், பாவம்.

அழகான விதிதான். உறையைப் பிரிப்பவர் யார் என்பதில் இருக்கிறது ஓட்டை. நான் 100 ரூபாய் எழுதியிருக்கிறேன், அடுத்தவர் 60. தரகர் நடுவில் 99 என்று ஒரு பொய் உறையைச் செருகினால், 39 ரூபாய் பறிபோனது எனக்குத் தெரியவே வராது.

2009 டிசம்பரில் அமேசான், தன்னிடம் சும்மா கிடக்கும் கணினிகளை ‘ஸ்பாட்’ என்ற பெயரில் ஏல முறையில் வாடகைக்கு விட்டது. இருப்புக்கும் தேவைக்கும் ஏற்ப விலை மாறும் என்றது. யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது அமேசானுக்கு மட்டுமே தெரியும். வெளியே தெரிந்தது விலை ஒன்றுதான். இஸ்ரேலின் டெக்னியான் கல்வி நிறுவனத்தில் ஓர்னா அக்மோன் பென்-யெஹூதாவும் சக ஆய்வாளர்களும் அந்த விலைப் பட்டியலையே துருவினார்கள். பெரும்பாலான நேரம் விலை ஒரு குறுகிய எல்லைக்குள், தாயம் உருட்டியதுபோல ஆடிக்கொண்டிருந்தது. கேட்பவர்களின் போட்டியைவிட, உள்ளுக்குள் வைத்திருந்த ஓர் அடிமட்ட விலையே அதை ஆட்டியிருக்கக்கூடும் என்று 2011-இல் எழுதினார்கள். அடிமட்ட விலை வைப்பது விற்பவரின் உரிமை. அந்த ஆட்டத்தைச் சந்தையின் நாடித்துடிப்பு என்று நம்பிக் கணக்குப் போட்டவர்களை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. 2017 இறுதியில் அமேசான் இந்த முறையை மாற்றி, விலை மெல்ல மெல்ல நகரும்படி செய்தது.

தரகரைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, தரகர் இல்லாமலே ஏலத்தை முடித்தார்கள் டென்மார்க் விவசாயிகள். அங்கே சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கை வாங்க டானிஸ்கோ என்ற ஒரே ஆலை நிறுவனம்தான் இருந்தது. கிழங்கு ஒப்பந்தங்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஏலம் தேவைப்பட்டது. எழுதும் தொகையைப் பார்த்தால், யாருக்குக் கிழங்கு எவ்வளவு கட்டுப்படியாகிறது என்று ஆலைக்குத் தெரிந்துவிடும். 2008 ஜனவரியில் சுமார் 1,200 விவசாயிகள் ஏலத்தில் கலந்துகொண்டார்கள். ஒவ்வொரு தொகையும் மூன்று துண்டுகளாக உடைக்கப்பட்டு மூன்று சர்வர்களுக்குப் போனது. ஒரு துண்டை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது. துண்டுகளாக இருக்கும்போதே கூட்டவும் ஒப்பிடவும் கணித வழி உண்டு. அரைமணி நேரம் கணக்கு ஓடியது. ஏல விலை வெளியே வந்தது. ஒரு விவசாயி எழுதிய தொகையும் வெளியே வரவில்லை.

இரண்டு சர்வர்காரர்கள் கைகோத்தால் போதும், எல்லா ரகசியமும் உடைந்துவிடும். அதனால் ஒன்றை ஆலையிடமும், ஒன்றை விவசாயிகள் சங்கத்திடமும், மூன்றாவதை ஆய்வாளர்களிடமும் கொடுத்தார்கள். கிழங்கு விலைக்காக ஆண்டாண்டாய் எதிரெதிரே உட்கார்ந்து மல்லுக்கட்டும் ஆலையும் சங்கமும் இதற்காகக் கூட்டுச் சேராது என்பதே அந்த ஏலத்தின் பூட்டு.